வாட்ச்மென்: மூணாவது தடவ படிச்சப்பதான் ரோர்ஷாக் மேல இருந்த மயக்கம் தெளிஞ்சுது

வாட்ச்மென் காமிக்ஸ் புக்குல இது என்னோட ரெண்டாவது காப்பி. மொத காப்பி காலேஜ் படிக்கும்போது வாங்குனது, ஹாஸ்டல்ல ரூம் ரூமா சுத்தி கடைசில யார் கைல இருக்குன்னே தெரியாம போச்சு, கேட்டா ஒவ்வொருத்தனும் பக்கத்து ரூம கைகாட்டுனான். போன மாசம் ஒரு ஆன்லைன் கடைல திரும்ப ஆர்டர் போட்டேன். பேர் வேணாம். ஒரு அட்டைகூட வெக்காம வெறும் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி அனுப்பிருக்காங்க, வலது பக்க மூலை அப்பளம் மாதிரி வளைஞ்சு வந்துச்சு. மாத்தி தாங்கன்னு கேட்டா அஞ்சு நாள் ஆகும்னாங்க, அந்த அஞ்சு நாளுக்குள்ள நான் பாதி புக்க முடிச்சுட்டேன், அப்புறம் எங்க திருப்பி அனுப்பறது.

புக்கு 400 பக்கத்துக்கு மேல. தடி பேப்பர்பேக், அதனால நடுவுல பைண்டிங் பக்கம் இருக்கற படம் கொஞ்சம் உள்ள போயிடும், இது இந்த சைஸ்ல வர்ற எந்த காமிக்ஸுக்கும் இருக்கறதுதான். ஆனா அஞ்சாவது சேப்டர்ல மட்டும் வயிறு எரியும். ஏன்னா அந்த சேப்டர் முழுக்க கண்ணாடில பாத்த மாதிரி வரைஞ்சிருக்காங்க, மொத பக்கத்தோட கட்ட அமைப்பும் கடைசி பக்கத்தோட கட்ட அமைப்பும் ஒண்ணு, ரெண்டாவதும் கடைசிக்கு முந்தினதும் ஒண்ணு, இப்படியே ரெண்டு பக்கமும் நகர்ந்து வந்து நடு மத்தில சேருது, சேர்ற அந்த ரெண்டு பக்க படம்தான் பைண்டிங்ல மாட்டிக்குது. காசு இருக்கறவங்க பெரிய சைஸ் அப்சல்யூட் எடிஷன் வாங்குங்க, 2005ல வந்தது, கலர் போட்ட ஜான் ஹிக்கின்ஸே மறுபடி உக்காந்து கலர் பண்ணி குடுத்தது. என்னோட பட்ஜெட்டுக்கு பேப்பர்பேக்தான்.

புதுசா கேக்கறவங்களுக்கு: எழுதுனது ஆலன் மூர், வரைஞ்சது டேவ் கிப்பன்ஸ், 1986ல இருந்து 1987 வரைக்கும் டிசி காமிக்ஸ் கம்பெனில 12 இதழா வந்து அப்புறம் ஒரே புக்கா ஆச்சு. சார்ல்டன்னு ஒரு கம்பெனியோட பழைய ஹீரோக்கள டிசி வாங்கி வெச்சிருந்தாங்க, அவங்கள வெச்சு எழுதத்தான் மூர் மொதல்ல கேட்டாரு, இவரு சொல்ற கதைல பாதி பேரு செத்துடறான் மீதி பேரு எதுக்கும் உதவாம போயிடறான்னு பாத்துட்டு நீயே புதுசா ஆளுங்கள உருவாக்கிக்கோன்னுட்டாங்க. நல்லவேளை.

இனிமே கதைய சொல்லித்தான் பேசப்போறேன், முடிவு உட்பட. படிக்காதவங்க இப்பவே கழண்டுக்கோங்க.

நம்ம ஊர்ல முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படிச்சு வளந்தவங்களுக்கு யோக்கியன் இல்லாத ஹீரோ ஒண்ணும் புதுசில்ல. 1972ல முத்து காமிக்ஸ் மொத இதழ்லயே வந்த இரும்புக்கை மாயாவி ஆரம்பத்துல என்ன, திருடன். கரண்ட்ட தொட்டா உடம்பு மறைஞ்சு இரும்புக்கை மட்டும் தெரியும், அத வெச்சு அட்டகாசம் பண்ணிட்டு அப்புறம்தான் திருந்தி அரசாங்கத்துக்கு வேல பாக்கறான். லயன்ல வந்த ஸ்பைடரும் அப்படித்தான், மொதல்ல குற்றவாளிகளுக்கெல்லாம் தலைவன் ஆகணும்னு கிளம்புனவன். அந்த ஸ்பைடர் கதைகள்ல நெறைய எழுதுனது யாருன்னு பாத்தீங்கன்னா சூப்பர்மேனை உருவாக்குன ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜெர்ரி சீகல். உலகத்துலயே நல்லவன படைச்ச மனுஷன் பின்னாடி இந்த அயோக்கியப்பயலுக்கு கதை எழுதி பொழச்சிருக்காருங்கறது எனக்கு எப்பவுமே சிரிப்பா இருக்கும். ஆனா மாயாவிகிட்டயும் ஸ்பைடர்கிட்டயும் ஒரு கதவு இருந்துச்சு, கெட்டவன் அந்த கதவ தாண்டி இந்தப்பக்கம் வந்தா நல்லவன், முடிஞ்சுது. வாட்ச்மென்ல அந்த கதவே இல்ல. எல்லாரும் ஒரே ரூம்லதான் கெடக்கறானுங்க.

கதை 1985 அக்டோபர். அந்த உலகத்துல அமெரிக்கா வியட்நாம்ல ஜெயிச்சிருக்கு, நிக்சன் இன்னும் பிரசிடென்ட், முகமூடி போட்டு தட்டிக்கேக்கறது 1977லயே சட்டப்படி தப்புன்னு ஆகியிருக்கு. அரசாங்கத்துக்கு வேல செய்யற ஆளுக்கு மட்டும் விலக்கு. அப்படி விலக்குல இருந்த காமெடியன்னு ஒருத்தன (பேர பாத்து வடிவேலு ரேஞ்சுக்கு நெனச்சுடாதீங்க, படுபாவி) யாரோ மாடி ஜன்னல்ல இருந்து தூக்கி போட்டு கொன்னுடறாங்க. சட்டத்த மதிக்காம இன்னும் முகமூடியோட சுத்தற ரோர்ஷாக் யாரு கொன்னதுன்னு தேடி கிளம்பறான்.

இந்த ரோர்ஷாக் பயலப்பத்திதான் நான் எழுத உக்காந்ததே. 19 வயசுல படிச்சப்ப எனக்கு அவன்தான் ஹீரோ. டைரி எழுதறான், குளிக்க மாட்டான், அடுத்தவன் வீட்டு பீன்ஸ் டின்ன அப்படியே சூடுகூட பண்ணாம தின்பான், எவனுக்கும் பயப்பட மாட்டான், உலகமே அழிஞ்சாலும் விட்டுக்குடுக்க மாட்டேங்கறான். அந்த வயசுக்கு அது போதும்ல. நாமளும் கன்னுக்குட்டிக்காக பெத்த புள்ள மேலயே தேர ஏத்துன மனுநீதிச் சோழன் கதைய கேட்டு வளந்த ஆளுங்கதான், திருவாரூர்ல கல்லுல தேர் செஞ்சு வெச்சிருக்கோம், விட்டுக்குடுக்காதவன் மேல நமக்கு ஒரு பாசம் ரத்தத்துலயே ஊறிருக்கு. தப்பு பண்ணவன கோர்ட்டு கேசுன்னு இழுக்காம போட்டுத்தள்ளற ஹீரோவுக்கு தியேட்டர்ல விசில் அடிச்ச கையி இது. எனக்கு மட்டும் இல்ல, உலகம் முழுக்க இதே கூத்துதான், ரோர்ஷாக்க ஒரு எச்சரிக்கையா எழுதுனேன், ஆனா அவன்தான் நான்னு ஆளுங்க வந்து நிக்கறாங்கன்னு மூரே பேட்டில நொந்துக்கிட்டாரு.

இந்த தடவ என்ன ஆச்சுன்னா, மொத சேப்டர்லயே ஒரு இடம் தட்டுச்சு. ரோர்ஷாக், முன்னாடி முகமூடி போட்டு சண்ட போட்ட லாரிங்கற பொண்ணுகிட்ட போயி காமெடியன் செத்துட்டான்னு சொல்றான். அவ சொல்றா, நல்லதாப்போச்சு, அவன் எங்கம்மாவ பலாத்காரம் பண்ண பாத்தவன். அதுக்கு இந்த நியாயஸ்தன் என்ன சொல்றான் தெரியுமா, நாட்டுக்காக உழைச்சு செத்தவங்களோட ஒழுக்க குறைய நோண்டறதுக்கு நான் இங்க வரல, அப்படிங்கற மாதிரி. ஒழுக்க குறையாம்! தெருவுல நிக்கற பொண்ணுங்கள டைரில அந்த கழுவு கழுவறவன், தனக்கு புடிச்ச ஆளு பண்ணது பலாத்கார முயற்சின்னா மட்டும் சில்லற விஷயம்னு தாண்டி போறான். ரெண்டு தடவ படிச்சும் இத நான் எப்படி கண்டுக்காம விட்டேன்னு நெனச்சா எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. சமரசமே பண்ணாதவன்னு பேரு, ஆனா கதைக்குள்ள நுழைஞ்ச கொஞ்ச நேரத்துலயே ஒரு பெரிய சமரசம் பண்ணியாச்சு, அத அவனும் கவனிக்கல படிக்கற நானும் கவனிக்கல.

அடுத்தது ஆறாவது சேப்டர் பின்னாடி. இந்த புக்குல ஒவ்வொரு சேப்டர் முடிவுலயும் (கடைசி சேப்டர் தவிர) படம் இல்லாத எழுத்து பக்கங்கள் வரும், ஒரு ரிட்டயர்டு ஹீரோவோட சுயசரிதை, போலீஸ் ரிப்போர்ட், பேட்டி இந்த மாதிரி. சோம்பேறித்தனத்துல ஸ்கிப் பண்ணிடாதீங்க, நான் மொத தடவ பண்ணேன், செம நஷ்டம். அங்க ரோர்ஷாக் சின்னப்பையனா ஹோம்ல இருந்தப்ப எழுதுன ஒரு கட்டுரை இருக்கு. அதுல எழுதிருக்கான், எனக்கு பிரசிடென்ட் ட்ரூமன புடிக்கும், ஜப்பான் மேல அணுகுண்டு போட்டு லட்சக்கணக்கான பேர காப்பாத்துனாரு, போடலன்னா சண்ட இன்னும் பெருசாயிருக்கும்னு. இத படிச்சுட்டு கடைசி சேப்டருக்கு போங்க. ஓசிமாண்டியாஸ்ங்கற இன்னொரு முன்னாள் முகமூடி ஹீரோ நியூயார்க்ல பாதிய அழிச்சுட்டு சொல்றதும் அச்சு அசலா இதே கணக்குதான், பல லட்சம் பேரு போனாங்க, அமெரிக்காவும் ரஷ்யாவும் சண்டைய நிறுத்துச்சு, உலகம் பொழச்சுது. சின்ன வயசுல ட்ரூமனுக்கு கைதட்டுன அதே பையன்தான் இப்ப இத ஊருக்கு சொல்லியே தீருவேன்னு பனில எறங்கி நடக்கறான். கொள்கை மாறாதவன்னா இந்த கணக்க மொத ஆளா ஒத்துக்கிட்டிருக்கணும் இல்லையா? அப்ப நடுவுல ஏதோ மாறிருக்கு. என்ன மாறுச்சுன்னு யாரும் வசனமா சொல்றதில்ல, நாமதான் தேடிக்கணும்.

1975ல ஒரு ஆறு வயசு கொழந்தைய கடத்துன கேஸ், அதுலதான் அவன் மாறிட்டான்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். கொழந்தைக்கு என்ன ஆச்சுன்னு அந்த வீட்டு நாய்ங்கள பாத்து புரிஞ்சுக்கற பக்கம், அத இங்க எழுத மாட்டேன். அங்க அவன் உடைஞ்சான், உண்மதான். பழைய ஞாபகத்துல வர்ற ரோர்ஷாக் முழு வாக்கியமா பேசுவான், அவன் வசனம் எழுதிருக்கற பலூனும் எல்லாரோட பலூன் மாதிரி சாதாரணமா இருக்கும். அந்த கேஸுக்கு அப்புறம் துண்டு துண்டா பேசறான், பலூனோட ஓரமும் கிழிஞ்ச காகிதம் மாதிரி நெளியுது. எழுத்து போட்டதும் கிப்பன்ஸ்தான், அதனால இவ்ளோ நுணுக்கம். ஆனா அது அவன் கல்லாகுன இடம். கல்லுல ஈரம் கசியற இடம் வேற.

அது பத்தாவது சேப்டர்ல சும்மா போற போக்குல வருது. ஜெயில்ல இருந்து தப்பிச்சு வந்து உடுப்பு எடுக்க தன் பழைய ரூமுக்கு போறான், கூட பழைய கூட்டாளி டேன், முன்னாடி நைட் அவுல்ங்கற பேர்ல முகமூடி போட்டவன். அங்க வீட்டுக்கார அம்மா நிக்குது. இவன் ஜெயில்ல இருந்தப்ப, என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டான்னு காசுக்கு பொய் சொன்ன பொம்பள. இவன் அவள புடிச்சு விபச்சாரின்னு அந்த வார்த்தைய சொல்றான். அவ கெஞ்சறா, புள்ளைங்க முன்னாடி அப்படி சொல்லாத, அதுங்களுக்கு தெரியாதுன்னு. சுத்தி அவளோட புள்ளைங்க, ஒண்ணு அழுதுட்டு இவன் மூஞ்சிய பாத்துட்டு நிக்குது. அடுத்து இவன் ஒண்ணும் பேசல. அவ்ளோதான். கெளம்பிடறான். இவனோட அம்மாவும் அதே தொழில் பண்ணவதான், அந்த புள்ளை நிக்கற எடத்துலதான் இவனும் ஒரு காலத்துல நின்னான். இத எங்கயும் விளக்கி ஒரு வரி கெடையாது. பொய் சொன்னவள தண்டிக்காம ரோர்ஷாக் போறது புக்குலயே இங்க ஒரு தடவதான்னு நெனக்கறேன். மனுஷன் தன் சட்டத்த மீறுன ரெண்டு இடம், ஒண்ணு காமெடியனுக்காக, ஒண்ணு இந்த புள்ளைக்காக. மொதல்லதுல அவன பாத்து எனக்கு அசிங்கமா இருந்துச்சு, ரெண்டாவதுல அவன புடிச்சுது. சட்டத்த கறாரா புடிச்சுக்கிட்டு நின்ன இடத்துல எல்லாம் அவன் ஒரு மெஷின், அவ்வளவுதான். இதனாலதான் கடைசில முகமூடிய கழட்டிட்டு கண்ணுல தண்ணியோட, தன்ன தடுக்க வந்த சக்தி படைச்ச டாக்டர் மன்ஹாட்டன பாத்து கொல்லுடான்னு கத்தறப்ப, அது கொள்கைக்காக உயிர விடறவன் மாதிரி எனக்கு இந்த தடவ தெரியல, இதுக்கு மேல தாங்க முடியாதவன் மாதிரி தெரிஞ்சுது.

ஓசிமாண்டியாஸ் பத்தி ஜாஸ்தி எழுத ஒண்ணும் இல்ல, உலகத்துலயே புத்திசாலி, கோடீஸ்வரன், எல்லார்கிட்டயும் மரியாதையா பேசுவான். ஒரு காட்சி மட்டும். அண்டார்டிகால அவனுக்கு வேல செய்யற மூணு பேருக்கு தன் கையால ஒயின் ஊத்தி குடுக்கறான். காரியம் முடியப்போகுது, எல்லாம் உங்களாலதான்னு நன்றி சொல்றான். ஒயின்ல விஷம். அப்புறம் கண்ணாடி கூரைய தொறந்து விட்டு பனி உள்ள கொட்ட விடறான், செடியும் பூவும் அந்த மூணு பேரும் மூடிப்போயிடறாங்க. பல லட்சம் பேர கொன்னதவிட இது எனக்கு அருவருப்பா இருந்துச்சு, ஏன்னா அங்க கணக்கு எதுவும் இல்ல, நம்பி கூட இருந்தவன் மூஞ்சிய பாத்துட்டே செய்யணும். கண்ணகி மதுரைய எரிச்சப்பகூட கெழவங்களையும் கொழந்தைங்களையும் விட்டுட்டு தீயவங்க பக்கம் மட்டும் போன்னு தீகிட்ட சொல்லி அனுப்புனா. இவனுக்கு அந்த யோசனைகூட வரல, ஒவ்வொரு சாவையும் நான் மனசுல உணர்ந்தேன்னு வேற டயலாக் விடறான்.

மன்ஹாட்டன் நீலக்கடவுள், நேத்து இன்னிக்கு நாளைக்கு எல்லாம் ஒண்ணா தெரியும். வியட்நாம்ல காமெடியன் தன் கர்ப்பத்த சுமந்துட்டு நிக்கற பொண்ண சுடறப்ப இவரு பக்கத்துலதான் நிக்கறாரு. சுட்டுட்டு காமெடியனே திருப்பி கேக்கறான், நீ நெனச்சிருந்தா துப்பாக்கிய ஆவியா ஆக்கிருக்கலாம், குண்ட பாதரசமா ஆக்கிருக்கலாம், ஏன்யா ஆக்கலன்னு. பாவி பய கேட்ட ஒரே நியாயமான கேள்வி.

இப்ப மெயினான விஷயம். இந்த புக்குல ஒரு தெருமுனை வந்துட்டே இருக்கும். பேப்பர் கடக்கார பெருசு, அவரு கட பக்கத்துல உக்காந்து ஓசில கடற்கொள்ளைக்காரன் காமிக்ஸ் படிக்கற ஒரு பையன், டாக்ஸி ஓட்டற பொண்ணு, ரெண்டு போலீஸ்காரங்க. மொத தடவ படிக்கும்போது எனக்கு இவங்க வந்தாலே போர், அதுலயும் அந்த கடற்கொள்ளைக்காரன் கதை நடு நடுவுல வந்து உயிர வாங்கும். மால்கம் லாங்னு ஒரு டாக்டர், ஜெயில்ல ரோர்ஷாக்குக்கு மனநல வைத்தியம் பாக்க வந்தவரு, நல்ல குண்டா சிரிச்ச மூஞ்சி, இந்த கேஸுல பேரு வாங்கிடலாம்னு ஆசையா வந்து, அவன் கதைய கேட்டு கேட்டு தூக்கம் போயி பொண்டாட்டியும் கோச்சுக்கிட்டு போயிடுவா. பதினோராவது சேப்டர்ல அவ சமாதானம் பேச அந்த தெருமுனைக்கு வர்றா. அதே நேரத்துல ரோட்டுல டாக்ஸிக்கார பொண்ணு தன் காதலிய போட்டு அடிச்சுட்டிருக்கா. டாக்டர் வெலக்கி விட போறாரு. பொண்டாட்டி சொல்றா, இப்ப நீ அதுல தலையிட்டா நமக்குள்ள அவ்ளோதான். அவரு சாரி சொல்லிட்டு போறாரு. இதான் உலகம், இதுல இருந்து ஓட முடியாதுங்கற மாதிரி சொல்லிட்டு.

அடுத்த ரெண்டு மூணு நிமிஷத்துல எல்லாரும் செத்துடறாங்க. வெளிச்சம் வர்றப்ப பேப்பர் கட பெருசு, அதுவரைக்கும் அந்த பையன்கிட்ட எரிஞ்சு விழுந்துட்டு இருந்தவரு, அவன கட்டிப்புடிச்சு மூடிக்கறாரு. கட்டம் கட்டமா வெள்ள ஏறிட்டே போயி ரெண்டு பேரும் ஒரே உருவமா ஆகி கடைசி கட்டம் சுத்தமா வெள்ள. ஒம்போது கட்டம்னு புக்கு பூரா ஒரே தாளத்துல ஓடுனது, பன்னெண்டாவது சேப்டர தொறந்தா ஆறு பக்கம் முழுப்பக்க படமா பொணம். அந்த ஆறு பக்கத்துல தெரிஞ்ச மூஞ்சிய தேடிட்டே இருந்தேன்.

இந்த புக்குல ஒரு பிரயோஜனமும் இல்லேன்னாலும் செய்ய வேண்டியத செஞ்சவங்க இந்த தெருமுனை ஆளுங்கதான். முகமூடி போட்ட ஒருத்தன் உலகத்த காப்பாத்தறேன்னு கெளம்பி இவங்களத்தான் கொன்னான், ஒருத்தன் ஊருக்கு தெரியணும்னு செத்தான், மத்தவங்க வாய மூடிக்க ஒத்துக்கிட்டாங்க. டேனும் லாரியும் ஒத்துக்கிட்ட கையோட ஒருத்தர ஒருத்தர் தேடி போயிடறாங்க, ரோர்ஷாக் அங்க வெளிய பனில நடந்துட்டு இருக்கான். அவங்கள எனக்கு திட்டவும் மனசு வரல. நானா இருந்தாலும் அதத்தான் பண்ணிருப்பேன், டேன் மாதிரி தொப்ப வேற இருக்கு.

குறைன்னு சொன்னா லாரி. 400 பக்கத்துல அவளுக்குன்னு ஒரு வேல இல்ல, ஒண்ணு மன்ஹாட்டனோட காதலி, இல்ல டேனோட காதலி, இல்ல காமெடியனோட பொண்ணு, மன்ஹாட்டன் கூட்டிட்டு போற செவ்வாய் கிரகத்துல அழறதுகூட ஒரு ஆம்பளைக்கு மனுஷங்க மேல நம்பிக்க வர்றதுக்காகத்தான். அவ அம்மா சேலி கடைசில காமெடியன் இருக்கற பழைய குரூப் போட்டோவுக்கு முத்தம் குடுக்கறது, மூணு தடவ படிச்சும் எனக்கு ஜீரணம் ஆகல. மனுஷ மனசு அப்படித்தான் சிக்கலா இருக்கும்னு சொல்வாங்க, இருக்கலாம், ஆனா அந்த சிக்கல அந்த பொம்பள வாயால இன்னும் ரெண்டு பக்கம் பேச விட்டிருக்கலாம். அப்புறம் நியூயார்க்க அழிக்க ஓசிமாண்டியாஸ் அனுப்பற அந்த ராட்சச கணவாய் மீன் மாதிரி ஐட்டம், சிலருக்கு சிரிப்பு வரும், 2009ல வந்த படத்துல அத தூக்கிட்டு பழிய மன்ஹாட்டன் மேல போட்டுட்டாங்க. படம் பாத்துட்டு புக்க படிச்சாச்சுன்னு நெனக்காதீங்க, படத்துல ரோர்ஷாக் ரொம்ப ஸ்டைலா இருப்பான், தெருமுனைக்கு நேரமே இல்ல.

இங்கிலீஷ் கொஞ்சம் கஷ்டம்தான், அவசரமா படிச்சா ஒண்ணும் ஒட்டாது. ஒரு நாளைக்கு ஒரு சேப்டர்னு வெச்சுக்கங்க, 12 நாள். பிரிண்ட் நல்லாருக்கு, எழுத்து பக்கங்கள்ல மட்டும் ஃபான்ட் பொடிசு, நாப்பது தாண்டுனவங்க கண்ணாடி எடுத்து வெச்சுக்கங்க. விலை ஒரு குடும்பம் வெளிய போயி பிரியாணி சாப்புடற செலவு, அதுக்கு தாராளமா தகும்.

பசங்க கைக்கு எட்டாம வைங்க. அக்கா பையன் ஒம்போதாவது படிக்கறான், அட்டைல மஞ்சள பாத்துட்டு ஸ்மைலி போட்ட ஜாலி புக்குன்னு நெனச்சு தூக்கிட்டு ஓட பாத்தான். புடுங்கி அலமாரி மேல வெச்சுட்டு மாயாவிய கைல குடுத்து அனுப்புனேன்.